தெரியும்போதே எடுத்து வையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. மாலை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டால் பட்டியல் வரும் இடத்தையாவது சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களாக ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வருகிறது. "சார், ஹார்ட் டிஸ்க் சில நேரம் தெரியுது, சில நேரம் தெரியல. என்ன பண்ணலாம்?" என்று பெங்களூரிலிருந்து ஒரு மாணவன். "மாமா, நேத்து வரல, இன்னிக்கு வந்துடுச்சு, அப்ப சரியாயிடுச்சுதானே?" என்று விருத்தாசலத்திலிருந்து அக்காள் மகள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசுவதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை காணாமல் போய்த் திரும்பி வந்த டிஸ்க்கை அன்றிலிருந்து நம்பக் கூடாது. அது தெரிகிற நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே இருப்பதை வேறோர் இடத்துக்குக் காப்பி எடுப்பது. கோளாறு எங்கே என்று தேடுவது இரண்டாவது வேலை. ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைக்காரர்களில் பலரும் அப்படித்தான். இந்த வரிசை மாறுவதால்தான் பல வீடுகளில் பதினைந்து வருடப் புகைப்படங்கள் போயின என்பது என் அழுத்தமான எண்ணம்.

முழுதாகச் செத்துப்போன டிஸ்க் ஒரு விதத்தில் நேர்மையானது. அது போய்விட்டது என்று தெரிந்துவிடும். அடுத்து என்ன என்று யோசிப்போம். வந்து வந்து போகும் டிஸ்க் அப்படியல்ல. தெரியாதபோது பதறுகிறோம். தெரிந்தவுடன் "அப்பாடா, வந்துடுச்சு" என்று கம்ப்யூட்டரை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். விட்டு விட்டு வரும் காய்ச்சலைப் பற்றி நம் பாட்டிகளுக்குத் தெரியும். இன்றைக்கு உடம்பு சுடவில்லை என்பதற்காக அவர்கள் கஷாயத்தை நிறுத்தியதில்லை.

இதில் என் தலைமுறையின் பழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வால்வு ரேடியோ பாடாவிட்டால் பக்கவாட்டில் ஒரு தட்டு. கறுப்பு வெள்ளை டிவியில் படம் ஓடினால் தலையில் ஒரு தட்டு. சில நேரம் சரியாகவும் போனது. காரணம் எளிது. உள்ளே ஈயம் வைத்துப் பற்றிய ஓர் இடம் விட்டுப்போயிருக்கும். தட்டும்போது அது தற்காலிகமாகத் தொடும். சூடேறினால் உலோகம் விரிந்து மறுபடி விடும். பத்தாம் வகுப்பில் வெப்ப விரிவு நடத்தும்போது இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன், நினைவிருக்கிறதா? டிஸ்க்கின் மின்பலகையிலும் இதே கோளாறு வரலாம். குளிர்ந்திருக்கும்போது தெரியும், அரை மணி நேரம் ஓடியபின் மறையும். ஆனால் ரேடியோவுக்குச் செய்த வைத்தியத்தை இதற்குச் செய்தால் கதை முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட அதே 1956-ஆம் ஆண்டில்தான் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் கொண்ட கம்ப்யூட்டரை வெளியிட்டது. 24 அங்குல அகலத் தட்டுகள் 50, ஒன்றின்மேல் ஒன்றாக. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளை வைத்திருந்தன. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்தை வைக்கவே அந்த இடம் சரியாக இருக்கும். இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் பெட்டியில் அதைப்போல பல லட்சம் மடங்கு வைக்கிறோம். அதற்குக் கொடுத்த விலை நுணுக்கம். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. தட்டின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் விளிம்பு மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல், தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை பறக்கிறது. நம் தலைமுடியின் பருமன் அதைப்போல பல்லாயிரம் மடங்கு. இந்த நிலையில் மேலே ஒரு தட்டு தட்டினால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்த குழந்தையின் முதல் பிறந்த நாள் மெல்லிய தூளாகிவிடும்.

பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை பழுத்ததா என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கலை பலாப்பழத்தோடு நிற்கட்டும்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். "சார், முக்கால்வாசி நேரம் கேபிள்தான் கோளாறு. நூறு ரூபாய் கேபிளுக்கு இவ்வளவு பயம் தேவையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். வேலையும் அந்தத் துறையில்தான் பார்க்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. பல நேரங்களில் கோளாறு டிஸ்க்குக்கு வெளியேதான்: கேபிள், போர்ட், அடாப்டர், டிஸ்க் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் சிறு பலகை. ஆனால் கேபிளா, உள்முனையா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். கண்டுபிடிப்பதற்காகப் பத்து முறை கழற்றி மாட்டுவோம், அணைத்துப் போடுவோம். உள்ளே நோயிருந்தால் ஒவ்வொரு முறை சுழலத் தொடங்குவதும் அதற்கு ஒரு சோதனை. அந்தப் பத்தில் எது கடைசி முறை என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே நான்கு நிலைகளையும் எழுதிப் பாருங்கள். கோளாறு கேபிளில் இருந்து, நீங்கள் முதலில் காப்பி எடுத்தால் இழப்பு ஒரு மாலை நேரம் மட்டும். கோளாறு கேபிளில் இருந்து, முதலில் சோதனை செய்தால் இழப்பு எதுவுமில்லை. கோளாறு உள்ளே இருந்து, முதலில் காப்பி எடுத்தால் பெரும்பகுதி தப்பும். கோளாறு உள்ளே இருந்து, முதலில் சோதனை செய்தால் எல்லாமே போகலாம். ஒரு மாலை நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் பந்தயம் வைப்பது எந்தக் கணக்கில் சரி?

போன ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என்னிடம் படித்த மாணவி. இன்று அவரே பாட்டி. கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் வீடு கட்டி வந்தார்கள். வந்த மூன்றாம் வருடம் அவர் காலமானார். நெய்வேலிக் குடும்பங்களுக்கு இந்த இடமாற்றம் தெரியும். முப்பது வருட வாழ்க்கையை ஒரே நாளில் லாரியில் ஏற்றுவோம். பீரோவும் கட்டிலும் கயிற்றால் கட்டப்படும். ஹார்ட் டிஸ்க் ஏதோ ஓர் அட்டைப் பெட்டியில் பாத்திரங்களுக்கு நடுவில் வரும். குவார்ட்டர்ஸில் கரண்ட் போவதே அபூர்வம். வெளியே வந்ததும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் புதிது.

அந்த டிஸ்க் நான்கு மாதமாக வந்து வந்து போயிருக்கிறது. ஒரு கடையில் காட்டினார். "ஃபார்மட் போட்டா சரியாயிடும்மா" என்றார்களாம். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. டிஸ்க்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு திருவதிகைக்கு என் வீட்டுக்கு வந்தார்.

நான் முதலில் கேட்டது கோளாறைப் பற்றியல்ல. "இதில் எது போனால் உனக்குத் தூக்கம் வராது? வரிசையாக எழுது" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் ஸ்கேன், மகள் கல்யாண வீடியோ என்று எழுதினார். கொஞ்சம் தயங்கி, எல்லாவற்றுக்கும் மேலே இடம் விட்டு ஒரு வரி எழுதினார். பேத்திக்குத் தாத்தா நரிக்கதை சொன்ன ஆடியோ. பதினோரு நிமிடம். செல்போனிலிருந்து மாற்றி வைத்தது. அந்தச் செல்போன் இப்போது இல்லை.

குட்டையான கேபிள் ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் நேராக மாட்டினோம். மூன்றாவது முறை தெரிந்தது. உடனே அந்த அம்மா போட்டோக்களைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். ஒரு படத்தைத் திறந்து பார்க்கிற நேரத்தில் பத்துப் படத்தைக் காப்பி எடுக்கலாம். ஆடியோ முதலில் போனது. அடுத்துப் பத்திரங்கள். பிறகு புகைப்படங்கள், ஆண்டு வாரியாக. மாலை ஏழு மணியளவில், 2016-ஆம் ஆண்டு ஃபோல்டரை முடித்த சிறிது நேரத்தில் டிஸ்க் மறைந்தது. மறுநாள் மாட்டியபோது டக், டக் என்று சீரான சத்தம் மட்டும் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கல்யாண வீடியோ வரவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டு அலமாரியில் அதன் டிவிடி இருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்று மாலை முதல் இரண்டு மணி நேரத்தை நான் "கேபிளா, போர்டா" என்ற ஆராய்ச்சியில் செலவழித்திருந்தால் நரிக்கதை கிடைத்திருக்காது. இதனால்தான் இந்தக் கருத்தை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

சரி, முறையைச் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் சொன்ன விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை.

1. டிஸ்க் தெரிந்தால் கை வேறெங்கும் போகக் கூடாது. முக்கியமானதிலிருந்து தொடங்கிக் காப்பி எடுங்கள். அதே டிஸ்க்கின் வேறோர் இடத்துக்கு அல்ல, வேறொரு டிஸ்க்குக்கு. "மூவ்" செய்யாதீர்கள், "காப்பி" மட்டும். நோயாளி டிஸ்க்கில் புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள்.

2. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "ஸ்கேன் செய்து சரி செய்யவா" என்றாலும் வேண்டாம். அந்தப் பழுதுபார்ப்பு கோப்புகளின் அட்டவணையைச் சீராக்கும் வேலை; சாகும் டிஸ்க்கை அது மேலும் உலுக்கும். காப்பி எடுத்தபின் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

3. தெரியவே இல்லை என்றால் முதலில் காது கொடுங்கள். டக் டக் என்ற சீரான சத்தம், உரசும் சத்தம், சுழலத் தொடங்கி நின்றுபோகும் முனகல் இவற்றில் ஏதாவது கேட்டால் உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி முயல்வது நோயாளியை ஓடச் சொல்வது போல. அதற்குமேல் தரவு மீட்கும் நிபுணர்களின் வேலை.

4. சத்தம் இயல்பாக இருந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாகச் சொல்வது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. கையடக்க டிஸ்க்குகள் சில, சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் இழுக்கும். அதனால்தான் ஒரு போர்ட்டில் வரும், இன்னொன்றில் வராது. முன்பக்கப் போர்ட், நீளமான கேபிள், பல பொருள்கள் மாட்டிய ஹப் மூன்றையும் தவிருங்கள். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். விளக்கு எரிவதால் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சுமை ஏறும்போது அதன் அழுத்தம் விழலாம்.

5. அடுத்து கேபிள். மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் மின்சாரத்தை முழுதாக அணைத்துவிட்டுத் தரவுக் கேபிள், மின் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. இணைப்பு முனைகள் கறுத்துப்போயிருக்கும். கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு போர்ட்டை மட்டும். பிறகு வேறு கம்ப்யூட்டர். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியானாலும் எது காரணம் என்று தெரியாது. பழைய கேபிள் மறுபடி எங்காவது புகுந்துவிடும்.

6. கம்ப்யூட்டர் தொடங்கும்போது பயாஸ் திரையில் டிஸ்க் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே எப்போதும் வந்து, விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால் டிரைவ் எழுத்து மோதல், யூஎஸ்பி மின்சிக்கன அமைப்பு போன்ற மென்பொருள் காரணங்களைத் தேடலாம். அங்கேயே வந்து வந்து போனால் மென்பொருளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

7. வெளிப்பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி நேராக மாட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. பெட்டிப் பலகை மட்டும் கெட்டிருந்தால் உயிர் வரும். ஆனால் சில வகைகளில் யூஎஸ்பி இணைப்பே டிஸ்க்கின் பலகையில் இருக்கும். சிலவற்றில் பெட்டிப் பலகைதான் தரவைப் பூட்டி எழுதும், கழற்றினால் படிக்க முடியாது. தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உள்டிஸ்க்கின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். ஒரு தூசி போதும்.

8. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். ஃப்ரீசரில் மீன் வையுங்கள்.

டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். மூன்று எண்களைக் கவனித்தால் போதும். 5 என்ற வரிசை, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள். 197, படிக்கத் திணறிக் காத்திருக்கும் பகுதிகள். இவை சுழியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் உள்ளே நோய். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள். இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே 197 என்பது சி5, 199 என்பது சி7 என்று இருக்கும்.

ஆனால் இதையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரிசோதனையில் முதல் படிப்புப் பிழை தெரிந்த டிஸ்க், பிழையே தெரியாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிட முக்கியம்: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் எதிலுமே ஒன்றும் காட்டாமல் செத்தன. அதாவது, கெட்டது என்று எண் சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் நம்பிக் காப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் என் மாணவர்களும் இருக்கிறார்கள், கோபப்பட வேண்டாம். வாடிக்கையாளர் "சரி பண்ணிக் கொடுங்க" என்று டிஸ்க்கை வைத்துவிட்டுப் போகிறார். உங்களுக்குச் சரி என்றால் டிஸ்க் ஓடுவது. அவருக்குச் சரி என்றால் உள்ளே இருப்பது கிடைப்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். "உள்ளே இருக்கிறது வேணுமா, டிஸ்க் வேணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க்கைக் கொடுக்கும் நீங்களும் ரசீதில் "தரவை அழிக்கக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். எழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

"எல்லாம் கிளவுடில் இருக்கு மாமா" என்று சொல்பவர்களுக்கு: இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இலவசம் 15 ஜிபி. அது நிறைந்த நாளிலிருந்து புதிய படங்கள் மேலே போகாமல் இருக்கலாம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இரண்டு ஆண்டுகள் யாரும் திறக்காத கணக்குகளை அழிக்கும் விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. கணக்குக்குச் சொந்தக்காரர் காலமானபின் கடவுச்சொல் தெரியாமல் தவிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கிளவுட் ஒரு காப்பி. ஒரே காப்பியாக இருக்கக் கூடாது.

எஸ்எஸ்டி வாங்கியவர்களும் நிம்மதியாகச் சிரிக்க வேண்டாம். சுழலும் தட்டு இல்லை, கீழே விழுந்தால் தாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் அது கெடும்போது டக் டக் சத்தம்கூடக் கொடுக்காது.

ஒரே பிரதி என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்துகொள்ள நான் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. அப்பர் பெருமான் சூலை நோய் தீர்ந்து முதல் பதிகம் பாடிய ஊர் இந்தத் திருவதிகை. மரபுப்படி அவர் பாடியவை 4,900 பதிகங்கள். இன்று நம் கையில் இருப்பவை 312. நான்காம் திருமுறையில் 113, ஐந்தாவதில் 100, ஆறாவதில் 99, கூட்டிப் பாருங்கள். மீதி எங்கே? தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டியிருந்த ஏடுகளை, ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி துணையோடு திறந்தபோது, பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். பூட்டு பலமாகத்தான் இருந்தது. காவலும் இருந்தது. கறையானுக்குப் பூட்டு தெரியாது.

அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். சம்பந்தர் திருவிடைவாய்க்குப் பாடிய பதிகம் ஏட்டுத் தொகுப்பில் இல்லை. பிற்காலத்தில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு இடத்தில், வேறொரு பொருளில் ஒரு பிரதி வைத்திருந்தார். சம்பந்தி வீட்டு டிவிடி செய்த வேலையும் அதுதான். இன்று கம்ப்யூட்டர்க்காரர்கள் 3-2-1 என்று சொல்லும் விதியும் அதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில்.

வேறு ஊர் ஏன் என்று கேட்பவர்கள் 2011 டிசம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய காலை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஓடும் கூரையும் போன வீடுகளில் மேசையும் பீரோவும் ஒன்றாகத்தான் நனைந்தன. அசல் மேசையிலும் காப்பி பீரோவிலும் இருந்திருந்தால் இரண்டும்தான் போயிருக்கும். யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் ஒரே இரவில் போயின. அந்த வலியை அறிந்த ஈழத் தமிழர்கள் 2005-ல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்ததுதான். ஓர் இனம் தன் நூல்களுக்குச் செய்ததை ஒரு குடும்பம் தன் படங்களுக்குச் செய்ய முடியாதா?

செலவைச் சொல்வீர்கள். இன்னொரு டிஸ்க் சில ஆயிரம் ரூபாய். கெட்டபின் மீட்புக் கூடத்துக்குக் கொடுத்தால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தீபாவளிக்கு வாங்கும் பட்டாசுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் மேலே பேசவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள டிஸ்க், பென் டிரைவ், பழைய செல்போன் எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள். எது போனால் தூக்கம் வராது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருக்கும் என்று நினைப்பது கணக்கில் சேராது. அண்ணன் வீட்டுப் படங்களின் பிரதி தங்கை வீட்டிலும், தங்கை வீட்டுப் பிரதி அண்ணன் வீட்டிலும் இருக்கட்டும். சீர்வரிசைத் தட்டில் ஒரு டிஸ்க்கும் வைத்து அனுப்பலாம் என்பேன், சம்பந்திகள் சிரிக்காவிட்டால்.

வந்து வந்து போகும் டிஸ்க் யாரிடமாவது இப்போது இருந்தால் இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டு நகர வேண்டாம். முதலில் போய்க் காப்பி எடுங்கள். லைக் நாளைக்குப் போடலாம். திருவதிகைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். குட்டைக் கேபிள் ஒன்று எப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.